வழக்காடியவருக்கு இடமில்லாத ஆணையம்

2023 நவம்பரில் மும்பை மாட்டுங்கா காவல் நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவானது. மகாதேவ் என்ற இணையச் சூதாட்டச் செயலியை நடத்தியதாகச் சொல்லப்பட்டவர்கள் உட்பட 32 பேர் அதில் குற்றம்சாட்டப்பட்டனர். மக்களிடம் ஏமாற்றிப் பெற்ற தொகை ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் என்றது புகார். காவல்துறை தானே மோப்பம் பிடித்துப் போட்ட வழக்கல்ல இது. சமூக ஆர்வலர் ஒருவர் நீதிமன்றத்தை அணுகி, குர்லா மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட பிறகே பதிவானது. தண்டனைச் சட்டப் பிரிவுகளோடு அதில் சேர்க்கப்பட்ட இன்னொரு சட்டம், 1887-இல் பம்பாய் மாகாணத்துக்காக இயற்றப்பட்ட சூதாட்டத் தடுப்புச் சட்டம். வெளிநாட்டில் அமர்ந்துகொண்டு கைபேசி வழியாக நடத்தியதாகச் சொல்லப்படும் ஒரு தொழிலை, ஒரு வீட்டுக்குள் புகுந்து சீட்டுக்கட்டையும் தாயக்கட்டையையும் கைப்பற்றுவதற்காக எழுதிய சட்டத்தால் பிடிக்க முயன்றார்கள். புகாரின் உண்மை பொய்யை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்தப் புகார் வரும்வரை இத்தகைய தொழிலை யார் நடத்துகிறார்கள், பணம் எந்த வழியில் போகிறது என்று அன்றாடம் கவனிக்க வேண்டிய பொறுப்பு மும்பையில் எந்த அலுவலகத்துக்கு இருந்தது? எந்த அலுவலகத்துக்கும் இல்லை. காவல் நிலையம் இருந்தது, வழக்கு நடத்த அரசு வழக்கறிஞர் இருந்தார். இந்த இரு தரப்பினருமே நடந்து முடிந்ததன் பின்னால் வருகிறவர்கள்.

அமெரிக்காவில் இந்தக் கண்காணிப்புக்கென ஒரு வாழ்க்கைப் பாதையே உண்டு. அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்திப் பழகியவர், அந்த அனுபவத்தோடு சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்புக்குப் போவார். நியூ ஜெர்சி மாநிலம் 1977-இல் கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது வேலையை இரண்டாகப் பிரித்தது. விசாரிக்கும் பிரிவு மாநில அட்டர்னி ஜெனரலின் கீழ், அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர்களின் துறையில் வைக்கப்பட்டது. முடிவெடுக்கும் ஆணையம் தனியாக நின்றது. 1980-களின் தொடக்கத்தில் அந்த விசாரணைப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜி. மைக்கேல் பிரவுன் அரசு வழக்கறிஞராக இருந்து வந்தவர். நெவாடாவில் 1977 முதல் 1981 வரை சூதாட்ட ஆணையத்தின் தலைவராக இருந்த ஹாரி ரீட், பின்னாளில் அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானவர், தொடக்கத்தில் ஹெண்டர்சன் என்ற சிறு நகரத்தின் அரசு வழக்கறிஞர். புதிய ஆட்டங்களுக்கு அனுமதி கேட்டு ஒருவர் 12,000 டாலர் லஞ்சம் தர வந்தபோது அவர் எஃப்.பி.ஐ.யிடம் சொல்லி, பேச்சைப் பதிவுசெய்ய வைத்து, ஆளைப் பிடித்துக் கொடுத்தார். லஞ்சத்தை மறுப்பது ஒழுக்கம். மறுத்ததோடு நில்லாமல் அதை நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியமாக மாற்றுவது பயிற்சி. இந்தியாவில், குறிப்பாகச் சூதாட்டச் சட்டத்தின் தொட்டிலான மும்பையில், இந்தப் பாதை ஏன் உருவாகவேயில்லை? சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை நாம் வரி வசூலிப்பவருக்கும், சோதனை போடுகிறவருக்கும், ஓய்வுபெற்ற செயலருக்கும் மாற்றி மாற்றித் தந்தோம். சாட்சியம் எங்கே நிற்கும், எங்கே விழும் என்று கூண்டுக்கு எதிரே நின்று கற்றவரை மட்டும் வெளியிலேயே நிறுத்தினோம். அதனால்தான் நம் ஆணையங்களுக்கு விதி எழுதத் தெரிகிறது, உண்மையைக் கண்டறிந்து நிறுவத் தெரியவில்லை என்பது என் வாதம்.

1887-ஆம் ஆண்டுச் சட்டத்தை மெதுவாக வாசித்தால் மும்பைச் சூதாட்டத்தின் வரலாறே அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பது தெரியும். ‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பருத்தி, அபின் போன்ற சரக்குகளின் சந்தை விலையின் மீதும் அந்த விலையைச் சொல்லும் எண்களின் மீதும் கட்டும் பந்தயம் வருகிறது. பங்கு விலை வருகிறது. மழை பெய்யுமா பெய்யாதா, எவ்வளவு பெய்யும் என்ற பந்தயம் வருகிறது. சீட்டுகளில் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வருகிறது. இவை ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. மழைப் பந்தயத்தின் கதையைப் பார்த்தாலே போதும். பம்பாய் வணிகர்கள் பருவமழையின் மீது பணம் கட்டினார்கள். காவல்துறை பிடித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நரோத்தம்தாஸ் மோதிராம் வழக்கில் 1889-இல் நீதிமன்றம், மழை ஓர் ஆட்டமல்ல, ஆகவே அதன் மீது பந்தயம் கட்டுவது இந்தச் சட்டத்தின் கீழ் சூதாட்டமாகாது என்றது. அரசு 1890-இல் சட்டத்தைத் திருத்தியது. இதுவே பிறகு வாடிக்கையாயிற்று. புது ஆட்டம் வரும், வழக்கு தோற்கும், சட்டத்தில் ஒரு வரி கூடும். துரத்திக்கொண்டே ஓடும் சட்டம் இது. ஆட்டத்தின் வடிவத்தைக் கேட்கிறதே தவிர, அதை நடத்துகிறவர் யார், அவர் பணம் எங்கிருந்து வந்தது, தோற்றவனுக்கு என்ன ஆகிறது என்று ஒருபோதும் கேட்பதில்லை. ஒழுங்குமுறை என்ற சொல்லுக்கு உயிர் இருப்பது இந்தக் கேள்விகளில்தான்.

சட்டம் கேட்காததைச் சந்தை தானே கேட்டுக்கொண்டது என்பதற்கு மட்கா என்ற எண் சூதாட்டமே சாட்சி. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் பம்பாய்க்கு வந்து சேரும். அந்த எண்களின் மீது பந்தயம் நடக்கும். (வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் செய்திகளில் இன்றும் அடிபடும் ‘காட்டன் சூதாட்டம்’ இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.) 1961-இல் நியூயார்க் எண்கள் நின்றுபோயின. 1962-இல் கட்ச் பகுதியிலிருந்து வந்த கல்யாண்ஜி பகத் வொர்லியில் சீட்டெடுத்து எண் அறிவிக்கத் தொடங்கினார். 1964-இல் கராச்சியிலிருந்து பிரிவினையின்போது வந்த ரத்தன் கத்ரி தனி மட்கா ஆரம்பித்தார். மூன்று சீட்டு எடுப்பார்கள். மூன்றின் கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் ‘ஓபன்’. பிறகு இன்னொரு மூன்று, அது ‘குளோஸ்’. இரண்டும் சேர்ந்தால் ‘ஜோடி’. பரேல், லால்பாக் மில் தொழிலாளி முதல் தாராவித் தோல் பட்டறைக் கூலி வரை இந்தக் கணக்கை அறியாதவர் குறைவு. நாலணா, எட்டணா கட்டிய இந்த மக்கள் கத்ரியை நம்பியதற்குக் காரணம் எந்த அரசு முத்திரையும் அல்ல. சீட்டைப் பலர் பார்க்க எடுத்தார், ஜெயித்தவனுக்குப் பணம் தவறாமல் போய்ச் சேர்ந்தது என்ற பெயர்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் 19 மாதம் சிறையில் இருந்து வெளியே வந்த பிறகும் அந்தப் பெயர் அழியவில்லை. நேர்மையான ஆட்டம், உடனடிப் பட்டுவாடா என்று இன்றைய ஆணையங்கள் உரிம நிபந்தனையாக எழுதுவதைக் கத்ரி வியாபாரத் தந்திரமாகவே செய்தார். அட்டா என்ற சூதாட்ட விடுதியை நடத்தியவர் வாராவாரம் காவல்துறைக்குக் கொடுத்த ஹப்தா என்ற மாமூல், கணக்கில் வராத உரிமக் கட்டணமாக வேலை செய்தது. ஆக மும்பையில் ஒழுங்குமுறை இல்லாமலில்லை. அது புக்கியிடமும் ஹப்தா வாங்கியவரிடமும் இருந்தது. மட்காக்காரரே நாணயஸ்தர் என்று பழங்கதை பேசி உருகுவோருக்கு ஒன்று: கல்யாண்ஜியின் மகன் சுரேஷ் பகத் 2008-இல் அலிபாக் சாலையில் லாரி மோதிக் கொல்லப்பட்டதையும், அது விபத்தல்ல, திட்டமிட்ட கொலை என்று 2013-இல் நீதிமன்றம் அவர் குடும்பத்தாரையே தண்டித்ததையும் மறக்கக் கூடாது. தனியார் கையில் விட்ட ஒழுங்குமுறையில் வாரிசுத் தகராறைத் தீர்க்க வேறு மன்றம் கிடையாது.

தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா வட்டாரத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு அத்தியாயம் நினைவுக்கு வரும். தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிய வரதராஜ முதலியாரின் பெயரில் கள்ளச்சாராயத்தோடு சூதாட்ட அட்டாக்களும் ஓடியதாகக் காவல்துறை சொல்லிவந்தது. சினிமா அவரைப் பெரிதாக்கியது. சட்டத்தின் கண்ணால் பார்த்தால் ஒரு விவரம் முக்கியம். 1980-களின் நடுவில் அவர் செல்வாக்கைக் குலைத்தது காவல் அதிகாரி ஒய்.சி. பவார் கொடுத்த இடைவிடாத நெருக்கடிதான், எந்த நீதிமன்றத் தண்டனையும் அல்ல. அவர் சென்னைக்குப் போய் 1988 ஜனவரியில் இறந்தார். ஒரு சாம்ராஜ்யம் சரிந்தது, ஆனால் அது எப்படி நடந்தது, யார் பணம் போட்டார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் நிறுவப்பட்ட உண்மையாக ஏறவில்லை. அதிரடி அதிகாரியைக் கொண்டாடும் நகரத்தில் அரசு வழக்கறிஞரின் கோப்பு காலியாகவே கிடந்தது.

ஏன் காலி என்பதை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களின் அன்றாடம் விளக்கும். 1887 சட்டத்தின் 7-ஆம் பிரிவு அரசுத் தரப்புக்கு ஒரு பெரிய சலுகை தருகிறது. முறையான வாரண்டின் கீழ் நடத்திய சோதனையில் சூதாட்டக் கருவிகள் கிடைத்தால், அந்த இடம் சூதாட்ட விடுதி என்றே கொள்ளலாம். அப்படியில்லை என்று எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் 6-ஆம் பிரிவின் நடைமுறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய சோதனைக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆகவே வழக்கின் உயிர் சூதாட்டத்தில் இல்லை, வாரண்டில் இருக்கிறது; சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவான பஞ்சநாமாவில் இருக்கிறது. வாரண்டில் பெயர் மாறியிருந்தால் வழக்கு போச்சு. ஒரே ஆள் பத்து வழக்கில் பஞ்ச் சாட்சியாக வந்தவர் என்று குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால் வழக்கு போச்சு. தப்பிப் பிழைத்த வழக்கிலும் தெருவோரத்தில் ஆடிப் பிடிபட்டவனுக்குச் சில நூறு ரூபாய் அபராதம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போய்விடுவான். இப்படி ஆண்டுக்கணக்கில் வழக்குகள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்த உதவி அரசு வழக்கறிஞருக்கு ஒரு ஞானம் கிடைத்திருக்க வேண்டும்: பிடிபடுகிறவன் எப்போதும் எழுதுகிறவனும் ஆடுகிறவனும்தான், பணம் சேரும் இடத்துக்கு எந்தப் பஞ்சநாமாவும் போய்ச் சேருவதில்லை. அந்த ஞானத்தைக் கொண்டுபோய்ப் பயன்படுத்த அவருக்கு அலுவலகம் ஏதுமில்லை.

அவரை அப்படி நிறுத்தி வைத்ததில் நம் குற்றவியல் நடைமுறைக்கும் பங்கு உண்டு. 1973 நடைமுறைச் சட்டம் வழக்கு நடத்துபவரைக் காவல்துறையிலிருந்து பிரிக்க நினைத்தது. மகாராஷ்டிர அரசோ 1974-இல் காவல்துறை வழக்கறிஞர்களையே உதவி அரசு வழக்கறிஞர்கள் என்று பெயர் மாற்றி அதே துறையில் வைத்துக்கொண்டது. எஸ்.பி. ஷஹானே வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தனிப் பணிப்பிரிவு அமைக்கச் சொன்ன பிறகே நிலை மாறியது. அது சரியான தீர்ப்பு. ஆனால் அடுத்த எல்லையில் இன்னொரு சுவர் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். சரளா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், புலனாய்வு முழுக்க முழுக்கக் காவல்துறையின் வேலை, அதில் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்கும்படி புலனாய்வு அதிகாரிக்கு உத்தரவிடுவது சட்டத்துக்குப் பொருந்தாது என்றது. குற்றம்சாட்டப்பட்டவரின் நலனை நினைத்தால் இதிலும் நியாயம் இருக்கிறது. விளைவைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசு வழக்கறிஞர் வழக்கின் முதல் நாளிலிருந்து ஆவணம் கேட்பார், வங்கிக் கணக்கைத் தொடர்வார், நிறுவனத்தின் உரிமையாளர் யாரென்று தோண்டுவார். நம்மவருக்குக் கட்டிமுடித்த கோப்பு கையில் வரும். ஒழுங்குமுறை அதிகாரிக்கு வேண்டிய திறனில் பாதியை அவர் தொடவே சட்டம் விடவில்லை. அதனால் மும்பையின் புகழ்பெற்ற அரசு வழக்கறிஞர்கள் வேறு திசைகளில் போனார்கள். 1993 குண்டுவெடிப்பு வழக்கையும் 26/11 வழக்கையும் நடத்திய உஜ்வல் நிகம் 2024-இல் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்று, 2025-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அரசியல், நீதிபதி பதவி, தனித்தொழில் ஆகிய மூன்றும் திறந்திருக்கின்றன. ஆணையத்தின் கதவு கிடையாது.

ஆணையமே தேவையில்லை என்ற எண்ணத்துக்குத் தத்துவ அடித்தளம் போட்டதும் ஒரு பம்பாய் வழக்குதான். பெங்களூரில் அச்சாகிப் பம்பாயில் பரவலாக விற்ற ஒரு வார இதழ் வழியே குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா, பம்பாய் அரசின் வரியை எதிர்த்தார். 1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பில், சூதாட்டம் வணிகமே அல்ல, அரசமைப்பு வணிகத்துக்குத் தரும் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்றது. இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்றும் பலர் சொல்வது: வணிகமே இல்லாத ஒன்றுக்கு ஒழுங்குமுறை ஆணையம் எதற்கு, தடையும் தண்டனையும் போதாதா? அவர்கள் கவனிக்காத ஒன்று, அந்த வழக்கில் நீதிமன்றம் நிலைநிறுத்திய 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே கட்டுப்பாடும் வரியும் இருந்தன. அது உரிமம் கொடுத்து வரி வாங்கும் சட்டம். உரிமை இல்லை என்று சொன்ன நீதிமன்றம், உரிமம் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. உண்மையில் உரிமை இல்லாத இடத்தில்தான் உரிமம் தருபவரின் கை ஓங்கி நிற்கிறது. நியூ ஜெர்சிச் சட்டம் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. கேசினோ நடத்துவது யாருடைய உரிமையும் அல்ல. கேட்டு வருகிறவர் தன் நேர்மையைத் தெளிவான சாட்சியத்தால் தானே நிறுவ வேண்டும். முடியாவிட்டால் திரும்பிப் போகலாம். சமர்பாக்வாலா தீர்ப்பு நம் கையில் கொடுத்த ஆயுதம் அது. நாம் அதை வரி போட மட்டும் பயன்படுத்திவிட்டு உறையில் போட்டோம்.

வசதியுள்ளவர்களின் சூதாட்டத்துக்கு உரிமமும் ஏழைகளின் சூதாட்டத்துக்கு வாரண்டும் என்ற பழைய பிரிவினையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மகாலக்ஷ்மி மைதானத்துக் குதிரைப் பந்தயத்துக்கு 1912-லேயே உரிமச் சட்டம் வந்துவிட்டது. மட்காவுக்கு இன்றுவரை சோதனைதான். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1949-இல் இயற்றிய சட்டம் கால் நூற்றாண்டு உறங்கி, 1975-இல் நடைமுறைக்கு வர முயன்றபோது வழக்கில் சிக்கியது; 1996-இல் கே.ஆர். லட்சுமணன் தீர்ப்பு குதிரைப் பந்தயத்தைத் திறமையின் ஆட்டம் என்று விடுவித்தது. மகாராஷ்டிரத்தில் இன்னும் வேடிக்கை. 1976-இல் கேசினோக்களைக் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவேயில்லை. ஏறத்தாழ 47 ஆண்டுகள் புத்தகத்தில் இருந்துவிட்டு 2023-இல் அது நீக்கப்பட்டது. கேசினோ வேண்டாம் என்ற முடிவை நான் குறை சொல்லவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமலேயே அரை நூற்றாண்டைக் கடத்தும் அரசு, ஒழுங்குமுறைக்கான ஆட்களை எந்தப் பள்ளியில் வளர்த்திருக்கும்?

வழக்குக்கும் ஒழுங்குமுறைக்கும் உள்ள தூரத்தை அளக்க 2015 ஜூலையை விடச் சிறந்த மாதம் இல்லை. 2013 ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்சிங் விவகாரத்தில் டெல்லி காவல்துறை தொடுத்த வழக்கிலிருந்து கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் உள்ளிட்ட 36 பேரையும் பட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஜூலை 25 அன்று விடுவித்தது. ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கும் சட்டமே இல்லாத நாட்டில், திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கான சட்டத்தைப் பொருத்திப் பார்த்தது எடுபடவில்லை. அதற்குப் பதினோரு நாள் முன்பு, நீதிபதி லோதா குழு அதே பருவத்தின் சூதாட்டத் தொடர்புகளுக்காகச் சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டு விலக்கிவைத்தது. இரண்டிலும் நபர்கள் வேறு, குற்றச்சாட்டு வேறு என்பது உண்மை. ஆனால் ஒரு மன்றத்துக்கு ஐயமற நிரூபிக்க வேண்டும், மற்றதற்கு விளையாட்டின் நாணயம் கெட்டது என்ற அளவே போதும். இந்த இரண்டாவது வகை மன்றம் நம்மிடம் கிரிக்கெட்டுக்குக் கூட உச்ச நீதிமன்றம் தலையிட்டு அமைத்ததால்தான் கிடைத்தது. லோதா குழு 2016-இலும் சட்ட ஆணையத்தின் 276-ஆவது அறிக்கை 2018-இலும் பந்தயத்தை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் வழிகளைச் சொன்னபோது, யார் அதைச் செய்வார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

தமிழ்நாடு ஒரு விடை தர முயன்றது. 2021-இல் இணையப் பண ஆட்டங்களுக்குக் கொண்டுவந்த தடையை ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரையோடு 2022 சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்த இணைய விளையாட்டு ஆணையத்தில் தலைமைச் செயலர் நிலையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஐ.ஜி. நிலைக்குக் குறையாத முன்னாள் காவல் அதிகாரி, தகவல் தொழில்நுட்ப வல்லுநர், உளவியலாளர், இணைய விளையாட்டு வல்லுநர் என்று ஐந்து வகையினருக்கு இடம் உண்டு. உளவியலாளரைச் சேர்த்தது பாராட்டத்தக்க முன்யோசனை. வழக்கு நடத்தியவர் ஒருவருக்கும் இடமில்லை. இதன் விலை 2023 நவம்பர் 9 அன்று தெரிந்தது. உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்திவிட்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையைச் செல்லாது என்றது. நேரில் ஆடும் ரம்மியிலிருந்து இணைய ரம்மி வேறானது என்பதை அரசு நிறுவவில்லை என்பதே காரணம். மென்பொருள் மனிதனைப் போல எதிரே உட்கார்ந்து ஆடுகிறதா, சீட்டுக் கலக்கும் நிரல் நேர்மையானதா என்பவை சோதித்து நிறுவக்கூடிய உண்மைகள். அரசு அவற்றைச் சாட்சியமாக்காமல் கவலையாகவே முன்வைத்தது. ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அவற்றை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. விதி எழுதுவதில் நமக்குக் குறையில்லை என்று நான் சொன்னதற்கு இதுவே சான்று.

என் வாதத்துக்கு எதிரே மூன்று மறுப்புகளைக் காண்கிறேன். அரசு வழக்கறிஞரின் கண்ணுக்கு எதிரே நிற்பவர் எல்லாரும் குற்றவாளி, அவரிடம் ஆணையத்தைக் கொடுத்தால் நடுநிலை போய்விடும் என்பது முதலாவது. நல்ல அரசு வழக்கறிஞர் தண்டனை வாங்குவதற்காக இல்லை, நீதிமன்றத்துக்கு உதவுவதற்காக இருக்கிறார் என்ற மரபு விடை உண்டு. ஆனால் நடைமுறையில் எத்தனை பேர் அப்படி என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். அதனால் தனிமனிதரின் குணத்தை நம்புவதைவிட, நியூ ஜெர்சி செய்ததுபோல விசாரிப்பவரையும் முடிவெடுப்பவரையும் பிரிப்பது மேல். 1978 முடிவில் அங்குள்ள விசாரணைப் பிரிவு ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு நிரந்தர உரிமம் தரக் கூடாது என்றது. ஆணையம் கேட்டுவிட்டு 1979-இல் உரிமம் கொடுத்தது. வழக்கறிஞர் தரப்பு தோற்றது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் பழைய தொடர்புகள் அனைத்தும் பொதுப் பதிவில் ஏறின. மறு ஆண்டே ஆணையத்தின் துணைத் தலைவர் எஃப்.பி.ஐ. விரித்த ஆப்ஸ்காம் வலையில் பெயர் அடிபட்டுப் பதவி விலகினார். முடிவெடுக்கும் நாற்காலிதான் அங்கே தடுமாறியது, விசாரித்த நாற்காலி அல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. மேலே சொன்ன மைக்கேல் பிரவுன் பிற்பாடு என்ன ஆனார்? மலேசியாவின் கெந்திங் குழுமத்தை நிறுவிய குடும்பம் பணம் போட்ட கனெக்டிகட் ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோவுக்கு 1990-களில் தலைமை நிர்வாகியானார். கட்டுப்படுத்தியவர் நடத்துபவரானார். சட்டப்படி அதில் தவறில்லை என்பதே மறுப்பின் வலிமை. நன்றாக வழக்காடத் தெரிந்தவரின் அறிவுக்கு அரசு தரும் சம்பளத்தைவிடச் சந்தை தரும் விலை அதிகம். இதற்கு ஓய்வுக்குப் பின் சில ஆண்டு அந்தத் துறையில் வேலை பார்க்கத் தடை என்ற மருந்து பாதிதான் கேட்கும். ஆனால் இந்த நோய் வழக்கறிஞருக்கு மட்டும் உரியதல்ல. ஓய்வுபெற்ற அதிகாரிகள் தாங்கள் கவனித்த துறைகளின் நிறுவனங்களில் ஆலோசகராகப் போவது நாம் பார்க்காத காட்சியா என்ன? எல்லாருக்கும் உள்ள குறையைக் காட்டி ஒருவரை மட்டும் விலக்குவது வாதமாகாது.

மூன்றாவது மறுப்பே இன்று உரக்கக் கேட்கிறது: இதெல்லாம் பழைய பேச்சு, 2025-இல் நாடாளுமன்றம் பண ஆட்டத்தையே ஒழித்துவிட்டதே. ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இரு அவைகளிலும் நிறைவேறி, 22 அன்று ஒப்புதல் பெற்ற சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற நூற்றாண்டு கடந்த வாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்றது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஏறத்தாழ 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாயளவுக்கு இழக்கிறார்கள் என்ற அரசின் மதிப்பீடு பின்னணியில் இருந்தது. மும்பையில் மித்தி நதிக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இணையக் கற்பனை விளையாட்டு நிறுவனமான ட்ரீம்11-இன் அலுவலகம். தன் ஆட்டம் திறமையின் ஆட்டம் என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்பெற்ற அந்த நிறுவனம் ஒரே வாரத்தில் பண ஆட்டத்தை நிறுத்தி, இந்திய அணியின் சட்டையிலிருந்தும் விலகியது. இணைய ஆட்டத்தில் பணம் இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடை நியாயமாகவே படும். உரிமம் கொடுப்பது சூதுக்கு அரசு மரியாதை கொடுப்பதாகும் என்ற அவர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தடை வந்ததும் உள்ளூரில் பதிவுசெய்து வரி கட்டியவர் நிறுத்துவார். பெயரை மாற்றி வேறு முகவரியில் திறப்பவர் நிறுத்தமாட்டார். மாட்டுங்கா அறிக்கையில் பெயர் வந்த வகையான தொழிலுக்கு 2025-க்கு முன்பும் அனுமதி இருந்ததில்லை.

மேலும், தடைச் சட்டத்துக்கே ஓர் ஆணையம் வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆட்டம் பண ஆட்டமா, மின்விளையாட்டா, வெறும் பொழுதுபோக்கா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் ஓர் அதிகார அமைப்புக்குத் தருகிறது. நாணயம், வைரம், புள்ளி என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அது பின்னால் பணமாக மாறுகிறதா என்பதைக் கண்டறிவது கொள்கை முடிவல்ல, சாட்சிய வேலை. இடம் நிஜமானதோ மின்வெளியோ, வாரண்ட் இல்லாமலே நுழைந்து சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரிகளுக்கு அச்சட்டம் வழி தருகிறது. 1887-இன் 6-ஆம் பிரிவில் இருந்த கடிவாளம் கூட இல்லாத இந்த அதிகாரம், அதைக் கண்காணிக்கும் ஒருவர் உள்ளே இல்லாவிட்டால், எந்தக் கைப்பற்றல் நீதிமன்றத்தில் நிற்கும் என்று யோசிக்காமலே பயன்படுத்தப்படும். சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது; தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தத் தீர்மானிக்கும் வேலை தப்பாது. தடை நின்றால் எது தடைக்குள் வருகிறது என்று நிறுவ வேண்டும். தடை விழுந்தால் யாருக்கு உரிமம் மறுக்கலாம் என்று நிறுவ வேண்டும். கில்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் பணமோசடித் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டு வங்கி ஆவணங்களோடு மல்லுக்கட்டிய வழக்கறிஞர்கள் மும்பையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்த அதிகார அமைப்பில் உறுப்பினராக்க வேண்டும், விசாரணைப் பிரிவை முடிவெடுக்கும் அமர்விலிருந்து பிரித்து அவர் பொறுப்பில் வைக்க வேண்டும், புலனாய்வில் அரசு வழக்கறிஞர் கைவைக்கக் கூடாது என்ற சரளா தீர்ப்பின் எல்லை குற்ற வழக்குக்கு மட்டுமே, உரிம விசாரணைக்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இந்த மூன்றுக்கும் புதிய தத்துவம் தேவையில்லை, அடுத்த திருத்த மசோதாவில் சில வரிகள் போதும்.